பூஸ்டரின் சிவப்பு விளக்கு

துல்சாவிலிருந்து அரிசோனா வரைக்கும் போன் சிக்னல் பூஸ்டரின் விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது. வழியில் நின்ற பெட்ரோல் பங்குகளிலும், லாரிக்காரர்கள் தூங்கும் இடங்களிலும், நியூ மெக்சிகோவில் காற்றுக்குப் பயந்து ஒதுங்கிய இடத்திலும் வெண்டல் எங்கள் டிரக் இழுத்து வந்த வீட்டு டிரெய்லருக்குள் ஏறி அதைப் பார்த்துவிட்டு வருவார். தூங்கும் குழந்தையை எட்டிப் பார்க்கிறவரைப் போல மெதுவாகத்தான் கதவைத் திறப்பார். இறங்கி வரும்போது, "பச்சை" என்று மட்டும் சொல்வார். அம்மாவும் நானும் அதற்குள் டிரக்கில் ஏறி உட்கார்ந்திருப்போம்.

வெண்டல் என் அம்மாவின் கணவர். துல்சாவில் வீடு வீடாக ஏர்கண்டிஷனர் பொருத்திக்கொண்டிருந்தவர். முதுகு வலி வந்து அந்த வேலையை விட்டார். அதன்பிறகு எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துச் சம்பாதித்தது அம்மாதான்.

சாலையில் வண்டி நின்றுபோனவர்கள் அழைப்பதற்கென்று ஒரு எண் இருக்கிறது. அந்த அழைப்புகளை எடுத்துப் பேசுவதுதான் அம்மாவின் வேலை. எங்கே நிற்கிறீர்கள், பக்கத்தில் என்ன பலகை தெரிகிறது, கூடக் குழந்தைகள் இருக்கிறார்களா என்று கேட்டு, இழுவை வண்டியை அனுப்ப வேண்டும். அது வந்து சேரும்வரை பயப்படுகிறவர்களைப் பேச்சில் பிடித்து வைத்திருக்க வேண்டும். எங்கே உட்கார்ந்தும் செய்யக்கூடிய வேலை. இடம் அமைதியாக இருக்க வேண்டும், இணைப்பு அறுந்துபோகக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை.

அந்த வேலையை நம்பித்தான் வெண்டலின் அக்கா வீட்டு நிலவறையைக் காலி செய்துவிட்டு, ஒரு பழைய டிரெய்லரை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். நிலவறையில் ஜன்னல் கிடையாது. அக்கா மாடியில் எந்த அறைக்குப் போகிறார், எதை எடுக்கிறார் என்பதெல்லாம் எங்கள் தலைக்குமேல் கேட்கும். நாங்கள் செய்வதும் அவருக்குக் கேட்டது. அம்மா சிரிப்பதையே குறைத்துக்கொண்டிருந்தாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அது போனால் மறுபடியும் அந்த நிலவறைதான். இதை நாங்கள் மூவரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை.

அரிசோனாவின் குவார்ட்ஸைட் ஊருக்குத் தெற்கே இருக்கும் அரசு நிலத்தில் யார் வேண்டுமானாலும் வண்டியை நிறுத்திக் குளிர்காலத்தைக் கழிக்கலாம். கல்லும் கள்ளியுமான பரந்த இடம். போனில் ஒரே ஒரு கோடு தெரியும், அதுவும் வந்து வந்து போகும். அதற்காகத்தான் பூஸ்டர். டிரெய்லரின் கூரைமேல் ஓரமாக நிற்கும் கம்பத்தில் ஒரு ஆன்டெனா இருக்கும். தூரத்தில் எங்கோ நிற்கும் கோபுரத்தின் மெலிந்த சிக்னலை அது பிடித்துக் கம்பி வழியாக உள்ளே இருக்கும் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதைப் பெரிதாக்கி, சாப்பாட்டு மேசைக்கு நேர்மேலே ஒட்டியிருக்கும் சின்ன ஆன்டெனாவுக்குக் கொடுக்கும். அதன் அடியில், கை எட்டும் தூரத்தில் போனை வைத்துக்கொண்டால் ஊருக்குள் இருப்பதுபோலப் பேசலாம்.

ஒரே ஒரு சிக்கல் உண்டு. உள்ளே இருக்கும் ஆன்டெனா பேசுவது கூரைமேல் இருக்கும் ஆன்டெனாவின் காதில் விழக் கூடாது. விழுந்தால், மைக்கை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோனது மாதிரி ஆகிவிடும். பெட்டி தன் குரலையே திரும்பத் திரும்பப் பெரிதாக்கப் பார்த்து, கடைசியில் தன்னைத்தானே அணைத்துக்கொண்டு சிவப்பு விளக்கைக் காட்டும். வெண்டல் இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டுதான் பொருத்தியிருந்தார். எங்கள் டிரெய்லருக்கு அலுமினியக் கூரை. அலுமினியத்தைத் தாண்டி எதுவும் மேலே போகாது என்பது அவர் கணக்கு. துல்சாவில் அக்கா வீட்டு வாசலிலேயே நாள் கணக்கில் சோதித்தும் பார்த்திருந்தார்.

பாலைவனத்தில் போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் செய்வதை நாங்களும் செய்தோம். சக்கரத்துக்குக் கட்டை வைத்தோம், மட்டம் பார்த்தோம், ஸ்லைடைத் திறந்தோம். ஸ்லைடு என்பது டிரெய்லரின் ஒரு பக்கச் சுவர். பொத்தானை அழுத்தினால் சாப்பாட்டு மேசையும் பெஞ்சுகளுமாக அது அலமாரி டிராயர் போல வெளியே நீளும். நடக்கக்கூட இடமில்லாத டிரெய்லர் அப்போதுதான் வீடாகும். ஸ்லைடைத் திறந்த பிறகுதான் காபிக்கே அடுப்பைப் பற்ற வைப்பார்கள். அதற்குமுன் யாரும் வந்து சேர்ந்ததாகச் சொல்லிக்கொள்வதில்லை.

மறுநாள் காலையில் அம்மா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தபோது பெட்டியில் சிவப்பு எரிந்தது.

முதல் அழைப்பு கொஞ்ச நேரம் தாங்கியது. இரண்டாவது பாதியில் அறுந்தது. மூன்றாவதை எடுத்துப் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று, "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டே எழுந்து நின்றுவிட்டாள். போனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். அங்கே கூரைமேல் ஏறிக்கொண்டிருந்த வெண்டலின் கால் மட்டும் தெரிந்தது.

"வெண்டல், ஒரு பொண்ணு லைன்ல இருந்தா. பாலத்துக்குக் கீழ நிக்கிறேன்னு சொன்னா. எந்தப் பாலம்னு கேக்கறதுக்குள்ள போயிடுச்சு."

"மறுபடி கூப்பிடுவா."

"கூப்பிடுவா. வேற யாரோ எடுப்பாங்க. மொதல்லேர்ந்து எல்லாத்தையும் சொல்லணும் அவ."

வெண்டல் கூரையிலேயே இருந்தார். ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பினார், மேற்கே திருப்பினார். மலை மறைக்கிறது என்றார். கம்பியின் முனைகளைத் துடைத்துத் திரும்பப் பொருத்தினார். வேறொரு கம்பியை மாற்றிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கீழே நிற்கும் என்னிடம், என்ன நிறம் என்று கேட்டார். நான் சிவப்பு என்றேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிச் சொல்லி எனக்கே வெறுத்துவிட்டது.

அடுத்த நாள் அம்மா டிரக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய், பெட்ரோல் பங்க் ஓரத்தில் நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தாள். சிக்னல் நன்றாக இருந்தது. ஆனால் பெரிய லாரிகள் பிரேக் போடும்போது சீறும் சத்தம் ஒவ்வொரு அழைப்பிலும் விழுந்தது. ரயில் நிலையத்திலிருந்தா பேசுகிறாய் என்று மேலதிகாரி கெயில் கேட்டாராம். அம்மா அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாலும் அன்று சாப்பிட உட்கார்ந்தவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஊருக்குள் டிரெய்லர் நிறுத்தும் கட்டண முகாம்களில் கேட்டுப் பார்த்தாள். ஜனவரியில் அங்கே யாருக்கும் இடம் கிடைப்பதில்லை.

அப்போதுதான் வெண்டலுக்கு ஓபலின் மேல் சந்தேகம் வந்தது.

எங்களுக்குப் பக்கத்தில் இருந்தது ஓபலின் வெள்ளி நிற டிரெய்லர். பக்கத்தில் என்றால், கத்திக் கூப்பிட்டால் கேட்கும் தூரம். அதைவிட நெருக்கமாக யாரும் அங்கே நிறுத்த மாட்டார்கள். இவ்வளவு பெரிய பாலைவனத்தில் ஒருவருக்கு அருகில் வந்து நிறுத்துவது, காலியாக இருக்கும் பஸ்ஸில் ஒரு அந்நியர் பக்கத்தில் போய் உட்காருவதுபோல. ஓபல் மொன்டானாவில் பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியவர். அவருடைய கூரையிலும் ஒரு ஆன்டெனா இருந்தது.

வெண்டல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். ஓபல் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"உங்க பூஸ்டரும் எங்க பூஸ்டரும் மோதிக்குதோன்னு நெனைக்கிறேன்" என்றார் வெண்டல்.

"ஏம்பா, நான் அஞ்சு வருஷமா இதே எடத்துலதான் நிக்கிறேன். நீ வந்து ரெண்டு நாள் ஆகுது. இதுல யாரு வந்து யாரு மேல மோதறாங்க?"

வெண்டல் தொப்பியை ஒரு சுற்று சுற்றினார். அம்மாவின் வேலையைப் பற்றிச் சொன்னார். ஒரு நாள் மட்டும் அணைத்து வைத்தால் உண்மை தெரிந்துவிடும் என்றார். ஓபல் பாதி ஆரஞ்சை என்னிடம் நீட்டினார். பிறகு உள்ளே போய், தன் பெட்டியின் வயரையே பிடுங்கிவிட்டு வந்தார். "ஒரு நாள்தான். நாளைக்கு மத்தியானம் திரும்ப மாட்டிடுவேன். அதுக்குள்ள உன் பொண்டாட்டி அமெரிக்கா முழுக்கப் பேசி முடிச்சுடட்டும்" என்றார்.

எங்கள் பெட்டியில் சிவப்பு அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ் கார் ஒன்று வந்து ஓபலின் டிரெய்லருக்கு முன்னால் நின்றது. இளம் அதிகாரி ஒருவர் இறங்கிக் கதவைத் தட்டினார். ஓபல் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வந்து நின்றார். அம்மா, வெண்டல், நான் மூவரும் எங்கள் படியிலேயே உறைந்துபோனோம்.

"ஓபல் ஸ்விகார்ட்டா?" என்று அந்த அதிகாரி கேட்டார். "மொன்டானாலேர்ந்து உங்க தங்கச்சி போன் பண்ணாங்கம்மா. நீங்க செத்துட்டீங்கன்னு சொன்னாங்க."

"எவ்ளோ உறுதியா சொன்னா?"

"ரொம்ப உறுதியாம்மா."

"அவ எதையும் அரைகுறையா சொல்ல மாட்டா" என்றார் ஓபல்.

தினமும் சாயங்காலம் காபி குடிக்கும்போது அக்காவும் தங்கையும் போனில் பேசிக்கொள்வது வழக்கமாம். நேற்று சாயங்காலமும் இன்று விடிந்ததும் கூப்பிட்டபோது ஓபல் போனை எடுக்காததால் தங்கை துக்கத்துக்கு யார் யாருக்குச் சொல்லி அனுப்புவது என்பதுவரை போய்விட்டாளாம். அதிகாரி போன பிறகு ஓபல் வயரை மாட்டித் தங்கையிடம் பேசினார். அவர் உயிரோடு இருப்பதற்காகத் தங்கை திட்டியது எங்களுக்கே கேட்டது. பிறகு எங்கள் பக்கம் வந்து, அணைத்து வைத்ததில் ஏதாவது பலன் உண்டா என்று விசாரித்தார். வெண்டல் தலையை ஆட்டினார்.

"அப்ப சும்மாவே செத்தேனா நான்" என்றார்.

அம்மா அன்று முதல்முறையாகச் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு மத்தியானத்தோடு முடிந்துபோனது. அன்றைய ஷிஃப்டிலும் அழைப்புகள் அறுந்தன. கெயில் போன் செய்தார். கெட்டவர் இல்லை, ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள். வியாழக்கிழமை ஷிஃப்ட் முழுவதும் தானே கூட இருந்து கேட்கப் போவதாகவும், அன்றும் இப்படியே இருந்தால் இடத்தை வேறொருவருக்குக் கொடுப்பதைத் தவிர வழியில்லை என்றும் சொன்னாராம்.

புதன்கிழமை பொழுது சாய்ந்தபோதும் சிவப்பு மாறவில்லை. வெண்டல் கூரையிலிருந்து இறங்கிப் படியில் உட்கார்ந்தார். அவருடைய முழங்கால்களில் அலுமினியத்தின் சாம்பல் நிறம் ஒட்டியிருந்தது. அம்மா வெளியே வந்து அவருக்குப் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் காலைல கிளம்பிடலாம் வெண்டல். கெயில் என்னை அனுப்பறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."

"இன்னும் ஒரு நாள் பாக்கலாம் மார்லா. கம்பத்தை ஒசத்திப் பாக்கறேன்."

"அந்தப் பாலத்துக்குக் கீழ நின்ன பொண்ணு இன்னும் என் தலைக்குள்ளயே நிக்கிறா. இன்னொருத்தியை அங்க கொண்டுபோய் நிறுத்த என்னால முடியாது."

அப்படியானால் அக்காவுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றார் வெண்டல். அம்மா அவர் முழங்காலில் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டிவிட்டாள்.

வியாழக்கிழமை காலையில் சாமான்களைக் கட்டினோம். அம்மா வெளியே விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால் கெயிலைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவதாக ஏற்பாடு. ஓபல் வழியனுப்ப வந்து, போகும் வழியில் தின்பதற்கு ஒரு பை நிறைய ஆரஞ்சு கொடுத்துவிட்டு, எங்கள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார். ஸ்லைடை உள்ளே இழுக்கும்போது உள்ளே ஒரு ஆள் நிற்க வேண்டும். செருப்போ துடைப்பமோ இடையில் மாட்டிக்கொண்டால் சுவர் கிழிந்துவிடும். அது என் வேலை. வெண்டல் வாசலில் நின்றபடி பொத்தானை அழுத்தினார். மோட்டார் முனகிக்கொண்டு மேசையையும் பெஞ்சையும் என்னை நோக்கித் தள்ளியது. நான் சமையல் மேடைமேல் ஏறிக்கொண்டேன். ஸ்லைடு டப்பென்று வந்து உட்கார்ந்தது.

மேசைமேல் இருந்த அம்மாவின் போன் துடித்தது. ஒரு தடவை, இன்னொரு தடவை, பிறகு நிற்காமல் துடித்துக்கொண்டே மேசையின் ஓரத்துக்கு நகர்ந்தது. இத்தனை நாளும் எங்கேயோ காத்துக்கிடந்த செய்திகள் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. அதைக் கீழே விழாமல் பிடித்துவிட்டு நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தேன்.

"பச்சை" என்றேன்.

வெண்டல் அதற்குள் இறங்கிப் போயிருந்தார், யாருக்கும் கேட்கவில்லை. நான் சத்தமாகப் பேசிப் பழக்கம் இல்லாதவள். ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டி, இன்னொரு முறை சொன்னேன். ஓபல் நாற்காலியைக் கீழே போட்டார். அம்மா விரிப்போடு அப்படியே நின்றாள்.

வெண்டல் ஏறி வந்து பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எதைத் தொட்டாய் என்று கேட்டார். எதையும் தொடவில்லை என்றேன். அவர் யோசனையோடு பொத்தானை அழுத்தி ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே விட்டார். பாதி வழி போவதற்குள் சிவப்பு வந்தது. உள்ளே இழுத்தார். பச்சை. மறுபடி வெளியே. சிவப்பு.

பிறகு அவர் படியில் உட்கார்ந்தார்.

"துல்சால அக்கா வீட்டுச் செவுரு இடிக்கும்னு ஸ்லைடை ஒரு நாள்கூட தொறக்கல" என்று மெல்ல ஆரம்பித்தார். "வழியிலயும் டிரக்குலயே தூங்கிட்டோம், எங்கயும் தொறக்கல. இங்க வந்ததும் மொத வேலையா தொறந்துட்டோம். மேசைக்கு மேல இருக்கற ஆன்டெனாவை நான் ஸ்லைடோட கூரையிலதான் ஒட்டியிருக்கேன். ஸ்லைடு வெளிய போனா அதுவும் கூடவே அலுமினியத்தை விட்டு வெளிய போயிடுது. நேரா அந்தக் கம்பத்துக்குக் கீழ போய் நிக்குது. நடுவுல இருக்கறது வெறும் பலகை."

"அப்ப மலை?" என்றார் ஓபல்.

"மலை ஒண்ணும் பண்ணல."

"நானு?"

"நீங்களும் ஒண்ணும் பண்ணல."

"என் தங்கச்சிகிட்ட நீயே சொல்லிடு. அவ சவப்பெட்டி வரைக்கும் வெல விசாரிச்சிருக்கா."

வெண்டல் திருப்புளியை எடுத்துக்கொண்டு எழுந்தார். உள் ஆன்டெனாவைக் கழற்றி அலுமினியக் கூரைக்கு அடியில் இருக்கும் அசையாத சுவரில் வைத்துவிட்டால் போதும், பத்து நிமிஷ வேலை என்றார். அம்மா அவருக்கு முன்னால் வந்து வாசலை மறித்துக்கொண்டாள்.

"ஒரு திருகைக்கூட தொடாத வெண்டல். உன் பத்து நிமிஷம் எனக்குத் தெரியும். இன்னிக்கு இது இப்ப இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

ஸ்லைடு உள்ளே இருந்தால் எங்கள் டிரெய்லருக்குள் ஒரு ஆள் நடக்க முடியாது. மேசை வந்து சமையல் மேடையை முட்டிக்கொண்டு நிற்கும். குளிர்பெட்டியின் கதவு திறக்காது. படுக்கைக்கும் கழிப்பறைக்கும் போகிற வழி அடைபட்டுவிடும். அம்மா மேடைமேல் கையை ஊன்றி, ஒரு காலைத் தூக்கி, மேசையின் மேலேயே தவழ்ந்து பெஞ்சுக்குப் போனாள். அங்கே முழங்கால்களை மார்போடு மடக்கிக்கொண்டு பக்கவாட்டாக உட்கார்ந்தாள். ஹெட்செட்டை மாட்டினாள். நான் அவளுடைய தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவள் வேண்டாமென்று கையசைத்தாள். அவள் கழிப்பறைப் பக்கத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது ஏன் என்று எனக்குப் புரிந்தது.

ஷிஃப்ட் தொடங்கியது. நாங்கள் மூவரும் ஜன்னலுக்கு வெளியே நாற்காலிகளைத் திரும்ப விரித்துப் போட்டு உட்கார்ந்தோம். அவளுடைய குரல் தெளிவாகக் கேட்டது. கன்சாஸில் டயர் வெடித்த ஒரு குடும்பம். கலிபோர்னியாவில் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்ட ஒருவர். அவள் நடுவில் பேச்சை நிறுத்தும்போதெல்லாம் வெண்டல் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவள் மறுபடி "ம், சொல்லுங்க" என்றதும்தான் விட்டார். கெயிலும் எங்கேயோ உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் சாப்பாடு திறக்காத குளிர்பெட்டிக்குள் மாட்டிக்கொண்டதால் ஓபல் பீன்ஸும் சோள ரொட்டியும் கொண்டுவந்தார். வெண்டல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாய்கூட எடுத்து வைக்கவில்லை. "சாப்பிடுப்பா, நீ பட்டினி கெடந்தா சிக்னல் ஏறிடாது" என்று ஓபல் கிசுகிசுத்தார்.

மத்தியானத்துக்கு மேல் வயோமிங்கிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாலையில், ஆடுகளை ஏற்றிய வண்டியோடு பள்ளத்தில் இறங்கிவிட்டாராம். வயதானவர் என்பது அம்மா உரக்கப் பேசியதிலிருந்து தெரிந்தது. இழுவை வண்டி வர நேரமாகும். அவரை அதுவரை பேச்சில் வைத்திருக்க வேண்டும். அவருக்கு முதலில் பேசவே பிடிக்கவில்லை போலிருக்கிறது. அம்மா ஆடுகளைப் பற்றிக் கேட்டாள். எத்தனை, எங்கே கொண்டுபோகிறீர்கள், பேர் வைத்திருக்கிறீர்களா என்றெல்லாம் விசாரித்தாள். பிறகு வெகுநேரம் அவள் வெறுமனே ம் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் விட மோசமானது எது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அவளைத்தான் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்னு நெனைக்கிறேன்."

பேச்சு நீண்டுகொண்டே போனது. நடுவில் அவர் எஞ்சினை அணைத்துவிட்டதாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குளிரில் சூடில்லாமல் உட்கார்ந்திருக்கக் கூடாது; அம்மாவின் குரல் மாறியது. புகை உள்ளே திரும்பாமலிருக்க, புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று இறங்கிப் பார்க்கச் சொன்னாள், அதைத் தட்டிவிட்டு எஞ்சினை மறுபடி போடச் சொன்னாள், போனைக் கீழே வைக்காமல் கையிலேயே கொண்டுபோகச் சொன்னாள். அந்த நேரம் முழுவதும் நாங்கள் அசையவில்லை. வெண்டல் எழுந்து நின்றுவிட்டார். அவருடைய தட்டு தரையில் கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

"இருக்கீங்களா?" என்றாள் அம்மா. சத்தம் இல்லை. "நான் இங்கதான் இருக்கேன். இருக்கீங்களா?"

எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. பிறகு அவள் நீளமாக மூச்சு விட்டது ஜன்னல் வழியாகக் கேட்டது. "நல்லது. சூடு வருதா? இப்ப அந்தப் பொல்லாதவளோட கதையை மிச்சமும் சொல்லுங்க" என்றாள். வெண்டல் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். இழுவை வண்டிக்காரன் வந்து கண்ணாடியைத் தட்டியதையும் அந்த முதியவர் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார்.

வெயில் சாய்ந்து, கடைசி அழைப்பும் முடிந்தது. பிறகு கெயிலோடு அம்மா தாழ்ந்த குரலில் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. அம்மா ஹெட்செட்டைக் கழற்றினாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று மூவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வெண்டல், ஸ்லைடைத் தொற. சீக்கிரம்."

"என்ன ஆச்சு?"

"தொற மொதல்ல. பாத்ரூம் போகணும்."

வெண்டல் ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினார். மோட்டார் முனகி முடிப்பதற்குள் அம்மா மேசைமேல் ஏறி மறுபக்கம் குதித்துவிட்டாள். பெட்டி சிவப்பானதை யாரும் பார்க்கவில்லை.

திரும்பி வந்தவளால் சரியாக நிற்க முடியவில்லை. கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. வெண்டல் அவளைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்து, பாதங்களைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தேய்த்தார். ஓபல் ஒரு தட்டில் பீன்ஸைப் போட்டுக் கையில் கொடுத்தார். அம்மா பாதியை வேகமாகச் சாப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை ஷிஃப்டும் சேத்து எடுத்துக்க முடியுமான்னு கேட்டா கெயில்" என்றாள் கடைசியில். "இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரத்துலேர்ந்து. நிரந்தர ஆளுங்களுக்குக் குடுக்கற கார்டு, இன்சூரன்ஸ் எல்லாம் அனுப்பறாங்களாம், எந்த விலாசத்துக்குன்னு கேட்டா."

வெண்டலின் கை நின்றுபோனது. "என்ன சொன்ன?"

"யோசிச்சு சொல்றேன்னேன். நமக்கு ஏது விலாசம்."

"என் விலாசத்தைக் குடு" என்றார் ஓபல். "ஊர்ல தபால்பெட்டி வச்சிருக்கேன். செத்தவ பேருல இருந்தாலும் வேலை செய்யும்."

அம்மா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கள்ளிகள் வரைக்கும் போனது. யாருக்கும் கேட்டுவிடுமே என்று அவள் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

"இன்னொண்ணும் கேட்டா வெண்டல். உன் குரல் இன்னிக்கு ரொம்ப நல்லா இருக்கு, வேற எடத்துக்கு மாறிட்டியா, பெரிய ரூமான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"ஆமா, நல்லா விசாலமா இருக்குன்னேன்."

வெண்டல் திருப்புளியை எடுக்கக் கையை நீட்டினார். வெளிச்சம் இருக்கும்போதே அந்த ஆன்டெனாவை இடம் மாற்றிவிடுவதாகச் சொன்னார். அம்மா கால்களை அவர் மடியிலிருந்து எடுக்கவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இப்போது இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய் என்றாள். அவர் திருப்புளியை மண்ணில் குத்தி வைத்துவிட்டுத் தேய்த்தார். ஓபல் என் தட்டில் இன்னொரு ரொட்டித் துண்டை வைத்தார்.